போதும் என்ற பிறகு ஒரு விரற்கடை

பதினேழும் பதினெட்டும் ஜோடி என்று பொன்னுரங்கம் சார் விசிலை உதட்டிலிருந்து எடுக்காமலே சொன்னபோது எப்சிபாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பதினெட்டு அவள். பதினேழு சத்தியவாணி. இரண்டு வருஷமாக எந்தக் காலை முறிக்க வேண்டும் என்று உட்கார்ந்தாலும் எழுந்தாலும் நினைத்துக்கொண்டிருந்தாளோ அந்தக் காலை, இந்தா பிடித்துக்கொள் என்று இவர்களாகவே கையில் கொடுக்கிறார்கள். காயம் படாமல் இருக்கத்தான் வார்ம் அப், சார் காலையில் வந்ததும் அதைத்தான் சொன்னார், உடம்பு சூடேறாமல் பந்தைத் தொடுகிறவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றார், பதினெட்டுப் பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். பதினெட்டுப் பேரில் ஒருத்திக்குத்தான் வேலை. அரசாங்கத் துறை ஒன்றின் பெண்கள் கால்பந்து அணியில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, அந்த இடத்துக்கு வருகிறவளுக்கு ஆபீஸில் ஒரு நாற்காலி, ரிட்டயர் ஆகிற வரைக்கும். எப்சிபாவுக்கு வருகிற மாசம் வயது வரம்பு தாண்டுகிறது. இன்றைக்கு விட்டால் மிச்ச ஆயுசு வியாசர்பாடியில் அக்கா புருஷனின் கோழிக்கடையில்தான், ரப்பர் செருப்பும் நனைந்த ஏப்ரனுமாக. இப்படிப்பட்ட நாளில் மனுஷி ஆட்டத்தைப் பற்றித்தானே நினைக்க வேண்டும். அவள் காலைப் பற்றி நினைத்தாள். தன் காலைப் பற்றியல்ல.

முதலில் மெதுவாக ஓட்டம், மைதானத்தைச் சுற்றி, ஜோடி ஜோடியாக. செம்மண் காலைநேர ஈரத்தில் பாதத்தைக் கொஞ்சம் பிடித்து இழுத்தது. ஓடும்போது எப்சிபா தன் வலது முட்டியைக் கேட்டுக்கொண்டே ஓடுவாள், அது பழக்கமாகிவிட்டது, பக்கத்து அறையில் தூங்கும் நோயாளிக்குக் காது கொடுப்பது போல. உள்ளே அறுந்துபோன லிகமென்ட்டுக்குப் பதிலாகத் தொடையிலிருந்து தசைநார் ஒன்றை எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள், இரண்டு இடத்தில் ஸ்க்ரூ, மழை வந்தால் முதலில் அதற்குத்தான் தெரியும். பக்கத்தில் வாணி ஓடினாள். மூச்சு வாங்கவே இல்லை அவளுக்கு, மூதேவி, குதிரை மாதிரி ஓடுகிறாள். அரைச் சுற்று முடிந்ததும் வாணி முன்னால் பார்த்தபடியே கேட்டாள்: "முட்டி இப்ப எப்படிக்கா இருக்கு?" என்ன தைரியம். கடையைக் கொளுத்திவிட்டு வந்து வியாபாரம் எப்படி என்று கேட்கிற தைரியம். "இருக்குது," என்றாள் எப்சிபா. இதற்கு மேல் பேசினால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மேட்சில் நடந்ததை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், கணக்கே இல்லை, சொல்லிச் சொல்லி அது தானாகவே வாயிலிருந்து வரும். மூன்றாவது நிமிஷம், பந்து என் கால்ல, கடலூர் டீம்ல அந்த வாணி வர்றா, பந்தைப் பார்க்கவே இல்ல, பூட்ஸ் ஸ்டட்ஸைத் தூக்கிக் காட்டிக்கினு நேரா முட்டில ஏறினா. கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சிலர் தங்கள் முட்டியைத் தொட்டுக்கொள்வார்கள். ரெஃபரி அந்தப் பக்கம் திரும்பியிருந்தார், அதனால் எப்சிபாவைத்தான் கேட்டார்கள், அவள் சொன்னாள், வாணிக்கு ஒரு வருஷம் ஆடத் தடை விழுந்தது. ஒரு வருஷம் என்ன ஒரு வருஷம். கோழிக்கடையில் இரண்டு வருஷம் நின்றதில் எப்சிபா ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள்: தொடை உடம்போடு சேருமிடத்தில் கத்தியே வேண்டாம், பின்னால் மடக்கி ஒரு அழுத்து அழுத்தினால் மூட்டு தானாக வெளியே வந்து நிற்கும், சத்தம்கூடப் பெரிதாக இருக்காது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை அழுத்துவாள். ஒவ்வொரு தடவையும் வாணி என்று சொல்லிக்கொள்வாள், வாய்க்குள்தான், கறி வாங்க வந்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு தாண்டும். அக்கா புருஷன், உனக்குக் கைராசி எப்சி, என்று மெச்சிக்கொள்வார்.

இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று, பிறகு முழங்காலை உயர்த்தி, பிறகு குதிகாலால் பின்னால் தட்டி, பிறகு பக்கவாட்டில். உடம்பு சூடேறியது. சூடு ஏறும்போது கூடவே ஆத்திரமும் ஏறுகிறது என்பதை எந்தக் கோச்சும் சொல்லித்தருவதில்லை. ஜோடியாகக் குதித்துக் காற்றில் தோளோடு தோள் இடிக்கச் சொன்னார் சார், ஆட்டத்தில் இடி வாங்கினால் விழாமலிருக்கப் பழக்கம். எப்சிபா முதல் இடியைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்தாள். வாணி இரண்டடி தள்ளாடிப் போய் நின்று, திரும்பி வந்து, மறுபடி குதித்தாள். மறுபடி இடித்தாள். இன்னும் பலமாக. எலும்பு எலும்பில் மோதும் அந்தச் சத்தம் எவ்வளவு சுகமாக இருக்கிறது, பசித்தவனுக்குச் சோறு மாதிரி. மூக்கில் ஒன்று விட்டால் எப்படி இருக்கும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், நெற்றியின் ஓரம் அவள் மூக்குத்தண்டில் இறங்கும், ரத்தம் அவள் மஞ்சள் பனியனில் ஒழுகும், சாரி வாணி, தெரியாம பட்டுருச்சு. ஆனால் மூக்கு ஒட்டிக்கொள்ளும். பதினைந்து நாளில் ஒட்டிக்கொண்டு முன்பைவிட அழகாகக்கூட ஆகிவிடும். கால்தான். காலுக்குக் கால். விசில் ஒலித்தது. "எல்லாரும் ஜோடியா உட்காரு," என்றார் பொன்னுரங்கம் சார். "ஒருத்தி மல்லாக்கப் படு, இன்னொருத்தி காலைத் தூக்கித் தோள்ல வெச்சுத் தள்ளு. படுத்திருக்கிறவ போதும்னு சொன்னா அங்கியே நிறுத்தி முப்பது எண்ணணும். போதும்னு சொல்றது படுத்திருக்கிறவ. நின்னுக்கினு இருக்கிறவ இல்ல. புரிஞ்சுதா?" புரிந்தது என்றார்கள். எப்சிபாவுக்கு எல்லாரையும்விட நன்றாகப் புரிந்தது.

ஆனால் முதலில் படுக்க வேண்டியது அவளாகப் போயிற்று. வாணி அதற்குள் முட்டி போட்டுக் கையை நீட்டிவிட்டாள், "குடுங்கக்கா," என்றாள், தட்டைக் கேட்கிற மாதிரி. எப்சிபா மல்லாந்தாள். மேலே வானம் ஒன்றுமில்லாமல் வெளுத்திருந்தது, முதுகில் மண் குளிர்ந்தது. இடது காலை முதலில் கொடுத்தாள், அதில் ஒன்றும் இல்லை, அது பாட்டுக்குப் போய் வந்தது. பிறகு வலது. வாணி அவளுடைய குதிகாலை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இவள் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார்ந்தவள். அதற்கு இவளுக்குக் கோபம் இருக்காதா, இருக்கும், இவளும் எங்காவது ஏதாவதொன்றை அழுத்தி அழுத்தி என் பெயரைச் சொல்லியிருப்பாள். இப்போது ஒரு திருப்பு திருப்பினால் போதும், அந்த இரண்டு ஸ்க்ரூவும் எலும்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், வார்ம் அப்பில் ஆச்சு சார் என்பாள், எல்லாரும் ஐயோ பாவம் என்பார்கள். கத்திவிடலாமா. எழுந்துவிடலாமா. ஆட்டத்துக்கு முன்பே பயந்து எழுந்தவளுக்கு நாற்காலி கொடுப்பார்களா. கால் மேலே போனது. தொடைக்குப் பின்னால் இழுக்கத் தொடங்கியது, இழுப்பு எரிச்சலாகும் இடம் வந்தது, "போதும்," என்றாள், குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. நின்றது. அந்த இடத்திலேயே, மயிரிழை கூடத் தாண்டாமல் நின்றது. வாணி ஒரு கையை முட்டிக்குப் பின்னால் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள், தையல் போட்ட தழும்பில் விரல் படாமல், எந்த இடம் என்று தெரிந்து வைத்திருக்கிறவளைப் போல. முப்பது வரைக்கும் ஒழுங்காக எண்ணினாள். பிறகு காலை மெல்ல இறக்கித் தரையில் வைத்தாள். எப்சிபாவுக்கு அழுகை வந்தது, அது நன்றியினால் அல்ல. இவள் என்னை ஒடித்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன், படுபாவி, அதைக்கூடச் செய்யவில்லையே.

"மாத்து," என்றார் சார். வாணி படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், அதுதான் எப்சிபாவை முதலில் உலுக்கியது, கண்ணைத் திறந்து வைத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. இடது காலைத் தள்ளினாள், எண்ணினாள், இறக்கினாள். வலது காலை எடுத்தாள். கனமாக இருந்தது, சூடாக இருந்தது, கெண்டைக்கால் ரோமத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. கோழிக்காலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று கை சொன்னது, கைக்கு எங்கே அழுத்துவது என்று தெரியும், கையைச் சும்மா இருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தூக்கினாள். இன்னும். இன்னும். "போதும்க்கா." நிறுத்தினாள். எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது நிமிஷம், பந்து என் கால்ல, வாணி வர்றா. ஏழு, எட்டு. பந்தைப் பார்க்கவே இல்ல. பார்த்தாளோ. பத்து. அன்றைக்கும் வார்ம் அப் நன்றாகத்தான் செய்தார்கள், தொடையெல்லாம் கொதித்தது, அப்புறம் சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று இரண்டு டீமையும் வரிசையாக நிறுத்திவிட்டார்கள், முக்கால் மணி நேரம், காற்று வேறு, வியர்வை காய்ந்து உப்பாகிவிட்டது, விருந்தினர் வந்து ஒவ்வொருத்தி கையையும் குலுக்கி, போட்டோ எடுத்து, இளைஞர்களும் விளையாட்டும் என்று பேசி. பதினான்கு. மூன்றாவது நிமிஷம். பந்து வந்தது. அவள் வலது காலை ஊன்றித் திரும்பினாள். உடம்பு திரும்பியது. முட்டி திரும்பவில்லை. பதினாறு. டப்பென்று ஒரு சத்தம் கேட்டது, உள்ளேயிருந்து, விறகுச் சுள்ளி முறிகிற மாதிரி. சத்தம் முதலில் வந்தது. வாணியின் பூட்ஸ் பிறகுதான் வந்தது. வேண்டாம், இதை நினைக்க வேண்டாம், இரண்டு வருஷமாக இதை நினைக்காமல் இருக்கத்தானே அவ்வளவு கோழி அறுத்தேன். பதினெட்டு. அவள் விழுந்துகொண்டிருந்தாள், அப்போதுதான் வாணி ஓடி வந்த வேகத்தில் நிற்க முடியாமல் அவள் மேல் தடுக்கி விழுந்தாள். பந்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள், பாவி. கிளப் செகரட்டரி ஓடி வந்து, என்னாச்சு என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள், அவர் கேட்டது, யாரு ஒதச்சது? யார் என்று கேட்டால் ஒரு பெயரைத்தானே சொல்ல வேண்டும். தானாகப் போன முட்டிக்கு எந்த ஊரில் மரியாதை இருக்கிறது, வீக் முட்டி என்பார்கள், அதோடு ஒதுக்கிவிடுவார்கள். விரலை நீட்டினாள். அந்த விரல் அன்றைக்கு நீண்டது நீண்டதுதான், பிறகு மடக்கவே முடியவில்லை. இருபத்தொன்று. எனக்குத் தெரியும், எனக்கு எப்போதும் தெரியும், இவளுக்கும் தெரியும், தெரிந்துகொண்டே கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், என்னிடம் காலைக் கொடுத்துவிட்டு. இருபத்திரண்டு. இவ்வளவு ஆத்திரம் ஒரு மனுஷிக்குள் எங்கேயிருந்து வருகிறது. தோள் தானாக முன்னால் சாய்ந்தது. ஒரு விரற்கடைதான். ஒரே ஒரு விரற்கடை. உள்ளங்கைக்குக் கீழே, தொடைக்குள், நூல் ஒன்று மெல்ல நழுவியது தெரிந்தது. வாணி மூச்சை உள்ளே இழுத்தாள், ஸ் என்று. கண்ணைத் திறந்து பார்த்தாள். கத்தவில்லை. எப்சிபா பார்வையைத் திருப்பிக்கொண்டு இருபத்து மூன்று என்றாள், சத்தமாகவே.

முடித்துவிட்டு ஆட்டத்துக்குப் போகலாம் என்றிருந்தபோது ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். பெரிய அதிகாரி கிளம்பிவிட்டாராம், அவர் வந்து வீராங்கனைகளை அறிமுகம் செய்துகொண்ட பிறகுதான் ஆட்டமாம், வரிசையாக நிற்கச் சொன்னான். பொன்னுரங்கம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பத்தான் சூடேத்தி வெச்சேன், அதுக்குள்ள ஆற வெக்கிறானுங்க," என்று முணுமுணுத்தார், ஆனால் வரிசையை அவரே சரி செய்தார், அவருக்கும் சம்பளம் இருக்கிறதல்லவா. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். நம் ஊரில் ஆடுகிறவர்கள் காத்திருப்பார்கள், சால்வை போட்டுக்கொள்கிறவர் வருவார், இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எப்சிபாவின் முட்டி ஆறத் தொடங்கியது, அது ஆறுவது அவளுக்குக் காதில் கேட்டது. பக்கத்தில் வாணி நின்றாள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் வலது தொடையை விரல் முட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள், யாருக்கும் தெரியாத மாதிரி. சொல்லிவிடு என்று எப்சிபா மனசுக்குள் கெஞ்சினாள். சாரிடம் போய்த் தொடை பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு. ஆனால் சொன்னால் இவளுக்கு வேலை போகும், எப்படிச் சொல்வாள். அப்படியென்றால் நான் சொல்ல வேண்டும். நான் அழுத்திவிட்டேன் சார், போதும் என்ற பிறகு அழுத்திவிட்டேன். சொன்னால் எனக்கு வேலை போகும். வாய் வரைக்கும் வந்தது, வந்து பல்லில் தட்டி நின்றது. ஒன்றும் ஆகாது, ஒரு விரற்கடைதானே, யாருக்குத்தான் வார்ம் அப்பில் கொஞ்சம் பிடிக்காமல் இருக்கிறது. கடைசியில் வெளியே வந்தது இவ்வளவுதான்: "கொஞ்சம் குதிச்சுக்கினே இரு. ஆறிடப் போவுது." வாணி அவள் பக்கம் திரும்பவில்லை. "நீங்களும் குதிங்கக்கா," என்றாள். "அன்னைக்கும் இப்படித்தான் நிக்க வெச்சாங்க." அவ்வளவுதான் சொன்னாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை, பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எப்சிபா குதிக்கவில்லை. தரையில் முளையடித்த மாதிரி நின்றாள். நாற்பது நிமிஷம் கழித்துக் கார் வந்தது, அதிகாரி வந்தார், ஒவ்வொருத்தி கையாகக் குலுக்கிக்கொண்டே வந்தார், அவர் கை மெத்தென்று இருந்தது. "எப்சிபா சார், வியாசர்பாடி," என்றாள். "சத்தியவாணி சார், கடலூர்," என்றாள் அடுத்தவள். வெரி குட் என்றார் அவர், இரண்டு பேரிடமும்.

ஆட்டத்தில் எப்சிபா ஒரு பக்கம் ஸ்டாப்பர், வாணி எதிர்ப்பக்கம் பார்வர்டு. இவள் அவளைக் கோல் பக்கம் போகவிடாமல் பிடிக்க வேண்டும், அதுதான் தேர்வு. முதல் நிமிஷம் பந்து அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. எப்சிபா பந்தைப் பார்க்கவில்லை, வாணியின் வலது தொடையைத்தான் பார்த்தாள், நடக்கும்போது அது எப்படி நடக்கிறது என்று. நன்றாகத்தான் நடந்தது. பார்த்தாயா, ஒன்றும் இல்லை, வீணாகப் பயந்தாய். அப்படியே ஏதாவது ஆனாலும் அந்த நாற்பது நிமிஷ வரிசைதான் காரணம், எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார், ஆறிப்போன தசை, திடீர் ஓட்டம். இரண்டு வருஷம் அந்த வரிசையைப் பற்றி வாயே திறக்காதவள் இப்போது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது நிமிஷம் நடுவிலிருந்து ஒருத்தி பந்தை நீளமாகத் தூக்கிப் போட்டாள், இவர்கள் தலைக்கு மேலே, காலி மண்ணில். வாணி திரும்பி ஓடினாள். ஓடாதே, என்று எப்சிபாவின் உடம்பு முழுக்கக் கத்தியது, வாய் மட்டும் கத்தவில்லை. பின்னால் துரத்தினாள். நாலு முழம் இடைவெளி, மூன்று முழம். சத்தம் கேட்டது. அதே சத்தம், இந்தத் தடவை வெளியிலிருந்து. வாணி யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரித் தொடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தப்படி நொண்டி, முகம் குப்புற மண்ணில் போய் விழுந்தாள். எப்சிபா அவள் பக்கத்தில் போய் நின்றபோது வேறு யாரும் இருபது அடிக்குள் இல்லை.

எல்லாரும் ஓடி வந்தார்கள். அதிகாரி சால்வையோடு மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார். "யாரு ஒதச்சது?" என்று கேட்டார், அவருக்கும் அந்தக் கேள்விதான் தெரிந்திருந்தது. எல்லாக் கண்ணும் எப்சிபா மேல் வந்து நின்றது. நான் உதைக்கவில்லை சார், சத்தியமாகத் தொடவே இல்லை சார், அது உண்மைதான், நூற்றுக்கு நூறு உண்மை, அதைச் சொல்லாமல் கீழே கிடந்தவளைப் பார்த்தாள். இப்போது இவள் விரலை நீட்டுவாள். நீட்டட்டும். நீட்டினால் கணக்கு சரியாகும், கடைக்குப் போய் ஏப்ரனைக் கட்டிக்கொள்ளலாம், நிம்மதியாகத் தூங்கலாம். வாணி புரண்டு படுத்தாள். முகமெல்லாம் செம்மண், உதடு கிழிந்து ரத்தம். எப்சிபாவைத்தான் பார்த்தாள். "யாரும் ஒதைக்கல சார்," என்றாள். "தானா போச்சு." அதிகாரி உச்சுக் கொட்டினார், தொடை வீக் போலிருக்கு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், அவர் தன் கையிலிருந்த தாளில் பதினேழைக் கோடிழுத்து அடித்தார். பொன்னுரங்கம் சார் ஐஸ் பெட்டியோடு குனிந்தார். "எப்சி, சும்மா நிக்காத, அவ காலைக் கொஞ்சம் தூக்கிப் புடி, அடியில ஐஸ் வெக்கணும்." எப்சிபா மண்டியிட்டாள். குதிகாலை இரண்டு கையாலும் எடுத்தாள். அதே கால், அதே கனம், சூடு மட்டும் போயிருந்தது. மெல்லத் தூக்கினாள், இன்னும் கொஞ்சம், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. வாணி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் போதும் என்று சொல்லவே இல்லை.